மறதி வேற, மறக்கிற மாதிரி இருக்கிறது வேற

வணக்கம் அக்கா,

பாலஸ்தீன விஷயத்துல மேற்கு நாடுங்க நடந்துக்கிற விதத்தைப் பத்தி நீங்க எழுதினதோட முதல் பகுதி வந்து பல மாசம் ஆச்சு. "அடுத்த வாரம் ரெண்டாம் பகுதி"ன்னு போட்டிருந்தீங்க, இன்னும் வரல. நடுவுல உங்களுக்கு ஏடிஹெச்டி (கவனம் சொன்ன இடத்துல நிக்காத மூளைக் கோளாறு) இருக்குன்னு எழுதியிருந்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இது இப்போ எல்லாத்துக்கும் ஒரு சாக்கா ஆயிடுச்சோன்னு தோணுது, இந்த ஃபோன் காலத்துல யாருக்குக் கவனம் நிக்குது? இன்னும் கேட்டா மேற்கு நாடுங்களுக்கேதான் ஏடிஹெச்டி. ஒரு மாசம் உக்ரைன், ஒரு மாசம் காஸா, அப்புறம் வேற எதுக்கோ தாவிடுறாங்க.

இன்னொண்ணு. என் பையனுக்கு ஒன்பது வயசு. ஸ்கூல்ல கூப்பிட்டு டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க. மாத்திரை குடுக்கலாமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

வணக்கம் தம்பி,

உங்க கடிதத்தை வந்த அன்னிக்கே படிச்சேன். சோறு கிளறிக்கிட்டே பதிலையும் மனசுக்குள்ள முழுசா எழுதி முடிச்சுட்டேன், அதான் பிரச்சனையே, மனசுல எழுதிட்டா அனுப்பிட்ட மாதிரியே ஆயிடும் எனக்கு. அனுப்பலன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது.

ரெண்டாம் பகுதி ஏன் வரலன்னா, ஒரு ராத்திரி பத்து மணிக்கு பால்ஃபர் பிரகடனத்துல (பாலஸ்தீனத்தைப் பத்தி பிரிட்டன் 1917-ல குடுத்த வாக்குறுதி) மொத்தம் எத்தனை வார்த்தைன்னு பாக்க உக்காந்தேன். இங்கிலீஷ்ல 67. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா யார் இந்த பால்ஃபர்னு ஒரு க்ளிக், அந்தாளு 1887-ல அயர்லாந்தையே நிர்வாகம் பண்ணின பிரிட்டிஷ் அமைச்சர்னு தெரிஞ்சதும் (நான் ஒன்பது வருஷமா டப்ளின்ல குடியிருக்கேன், யாரும் சொன்னதில்ல) இன்னொரு க்ளிக். அந்த வருஷம் செப்டம்பர்ல கார்க் மாவட்டத்துல மிச்சல்ஸ்டவுன்னு ஒரு ஊர்ல கூட்டத்தைப் பாத்து போலீஸ் சுட்டு மூணு பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் அவருக்கு இங்க 'ரத்த பால்ஃபர்'னே பேர். சரி, தூங்கலாம்னா, அவர் பிரதமரா இருந்த 1905-ல ஒரு சட்டம், ரஷ்யா பக்கத்துல இருந்து அடி தாங்காம ஓடி வர்ற யூதர்களை பிரிட்டனுக்குள்ள விடாம தடுக்கத்தான் முக்கியமா அது. அதே மனுஷன் 1917 நவம்பர் 2-ம் தேதி யூதர்களுக்கு பாலஸ்தீனத்துல தேசிய இல்லம்னு கையெழுத்துப் போடுறார்! என் வீட்டுக்கு வராதே, பக்கத்து வீட்டு சாவி தர்றேன், அங்க போ. மணி பாத்தா நாலு. கட்டுரை ஒரு வரி நகரல, பல் கூட தேய்க்கல, ராத்திரி பத்துக்கு டீ போட வச்ச பால் வெளியவே இருந்து திரிஞ்சு போச்சு.

இதைத்தான் சாக்குன்னு சொல்றீங்க. தலைவலி எல்லாருக்கும் வருது, அதுக்காக மைக்ரேன்னு ஒண்ணு கிடையாதுன்னு ஆயிடாதுல்ல. எனக்குக் கவனம் இல்லாம இல்ல, அது நான் சொன்ன இடத்துக்குப் போறதில்ல, அவ்வளவுதான். கரண்ட் பில் கட்டணும்னு தெரியும், பணமும் இருக்கும், ஃபோனும் கையில இருக்கும், ஆனா உக்காந்த இடத்துலயே கை நகராது, தன்னைத்தானே திட்டிக்கிட்டு மூணு நாள் போகும். முப்பத்தி நாலு வயசுலதான் எனக்குக் கண்டுபிடிச்சாங்க. ஸ்கூல் ரிப்போர்ட்ல எல்லா வருஷமும் "கெட்டிக்காரி, ஆனா அக்கறை இல்லை"ன்னு எழுதினாங்க. பொம்பளப் புள்ளைங்க பெஞ்சை விட்டு எழுந்து ஓடலன்னா யாரும் கவனிக்கிறதில்ல, உள்ளதான் ஓடிக்கிட்டு இருப்போம்.

அதனால மேற்கு நாடுங்களுக்கு ஏடிஹெச்டின்னு நீங்க சொன்னது எனக்குச் சுருக்குன்னுச்சு. எனக்காக இல்ல, அது அவங்களுக்குக் குடுக்கிற சலுகை.

அந்த 67 வார்த்தையையே பாருங்க. அப்போ பாலஸ்தீனத்துல பத்துல ஒன்பது பேர் அரபுக்காரங்க. அந்தப் பேரே அதுல இல்ல. 'அங்க இருக்கிற யூதரல்லாத சமூகங்கள்'. அவங்களுக்கு சிவில் உரிமை, மத உரிமை ரெண்டுக்கும் பங்கம் வராதாம். 'அரசியல் அந்தஸ்து'ங்கிற வார்த்தை ஒரே இடத்துல வருது, வேற நாடுகள்ல வாழுற யூதர்களுக்கு. இது ஞாபக மறதில விட்டதா? மாசக்கணக்கா டிராஃப்ட் மேல டிராஃப்டா திருத்தினது தம்பி. அப்போ அமைச்சரா இருந்த ஒரு யூதரே, இது யூதர்களுக்கே கெடுதல்னு எதிர்த்து குறிப்பு எழுதினார். அவர் நமக்குத் தெரிஞ்சவர்தான், மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம்னு பத்தாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணோமே, அந்த மாண்டேகு. எல்லாத்தையும் கேட்டு, படிச்சுப் பாத்துதான் கையெழுத்து. நான் ஒரு இமெயிலை ஒரு தடவை திரும்பப் படிச்சு அனுப்பினதில்ல.

இப்போ நடக்கிறதும் அப்படித்தான். 2023 மார்ச்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் புதினுக்கு வாரண்ட் போட்டப்போ பைடன் அது நியாயம்னார். 2024 நவம்பர்ல அதே கோர்ட் நெதன்யாகுவுக்கு வாரண்ட் போட்டப்போ அக்கிரமம்னார். நடுவுல இருபதே மாசம். அமெரிக்கா அந்தக் கோர்ட்ல உறுப்பினர் இல்ல, ரெண்டு தடவையும்தான் இல்ல. 2023 அக்டோபர் 7 அன்னிக்கு ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்னு 251 பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போனது கொடூரம், அதுல எனக்கு 'ஆனா'வே கிடையாது. அதுக்கப்புறம் காஸாவுல செத்தவங்க கணக்கு 60,000 தாண்டியும் குண்டு சப்ளை நிக்கலன்னா அது கவனம் சிதறினதால இல்ல. மாசா மாசம் கப்பல் ஏத்தணும், ஃபைல்ல கையெழுத்து விழணும், ஐநா-வுல வீட்டோவுக்குக் கை தூக்கணும். அவ்வளவு ஒழுங்கா ஒரு வேலை பண்ண எனக்கெல்லாம் வராது.

'மேற்கு'ன்னு மொத்தமா சொல்றதும் சரியில்ல, என் முதல் பகுதில நானே அப்படித்தான் அள்ளி விட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி, பிரிட்டன்கிட்டயே இருக்கிற வட அயர்லாந்தோட தலைநகர் பெல்ஃபாஸ்ட் போனேன். (கனோலி ஸ்டேஷன்ல பிளாட்பாரத்துலயே உக்காந்து போஸ்டர் படிச்சுக்கிட்டிருந்தேன், ரயில் என் கண்ணு முன்னாடி போச்சு. அடுத்த ரயில்.) ஃபால்ஸ் ரோட்ல, அயர்லாந்தோட சேரணும்ங்கிற கத்தோலிக்கக்காரங்க குடியிருப்பு, சுவத்துல பாலஸ்தீனக் கொடி, காஸா ஓவியம். நடுவுல உசந்த சுவர், அதுல ஒரு கேட், ராத்திரி பூட்டிடுவாங்க. அந்தப் பக்கம் ஷாங்கில், பிரிட்டனோட இருக்கணும்ங்கிற புராட்டஸ்டன்ட்காரங்க, விளக்குக் கம்பத்துல யூனியன் ஜாக், அடுத்த கம்பத்துல இஸ்ரேல் கொடி, மழைல நனைஞ்சு கம்பத்தோட ஒட்டிக்கிட்டு. பத்து நிமிஷ நடை. அங்க பேச்சுக் குடுத்த ஒரு பாட்டி காஸாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அவங்க அண்ணன் எழுபதுகள்ல செத்த கதையைத்தான் சொன்னாங்க. அப்போ ஜெருசலேமுக்கு பிரிட்டிஷ் கவர்னரா இருந்த ரொனால்ட் ஸ்டார்ஸ், அரபுக்காரங்க நடுவுல 'விசுவாசமான குட்டி யூத அல்ஸ்டர்'னு எழுதி வச்சவர் (அல்ஸ்டர்னா பிரிட்டனுக்கு விசுவாசமான புராட்டஸ்டன்ட்காரங்க இருக்கிற இந்த வடக்குப் பகுதி). 1922-ல அயர்லாந்துல வேலை முடிஞ்ச போலீஸ்காரங்களை, ஊரையே கொளுத்தின பிளாக் அண்ட் டான்ஸ்ங்கிற பிரிட்டிஷ் போலீஸ் ஆளுங்களையும் சேத்துதான், நூத்துக்கணக்குல பாலஸ்தீனத்துக்குக் கப்பல் ஏத்தினாங்க. இந்தக் கதை தெரிஞ்சவங்க ஊர் இது. 2024 மே 28-ம் தேதி ஸ்பெயின், நார்வேயோட சேந்து அயர்லாந்து பாலஸ்தீனத்தை நாடா ஏத்துக்கிச்சு, டிசம்பர்ல இஸ்ரேல் டப்ளின் தூதரகத்தையே மூடுறேன்னுடுச்சு. சாவி குடுத்த பிரிட்டன் ஏத்துக்கிட்டது 2025 செப்டம்பர்ல, 108 வருஷம் கழிச்சு. அயர்லாந்துக்காரங்களும் உத்தமங்க இல்ல, ஆக்கிரமிப்புக் குடியிருப்புச் சரக்கை வாங்கக்கூடாதுன்னு 2018-ல வந்த மசோதாவை வருஷக்கணக்கா இழுத்தவங்கதான்.

பையன் விஷயம். குடுக்கலாமா வேண்டாமான்னு நான் சொல்லக்கூடாது. குழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஸ்கூல்ல மட்டும்தான் இப்படியா, வீட்லயுமான்னு கேப்பாங்க, ஒரே இடத்துல மட்டும்னா காரணம் வேறயா இருக்கலாம், தூக்கம், காது, கண்ணு எல்லாம் பாக்கணும். எனக்கு மெதில்ஃபெனிடேட்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. முதல் நாள் ஒண்ணும் பெருசா நடக்கல, பாத்திரம் தேய்க்கணும்னு நினைச்சேன், எழுந்து போய் தேய்ச்சேன். சிங்க் முன்னாடி நின்னு அழுதுட்டேன், மத்தவங்களுக்கெல்லாம் இது இவ்வளவு சாதாரணமாவா இருந்துச்சுன்னு. பசி குறையும், தூக்கம் தள்ளும், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. நடுவுல அவனை சோம்பேறின்னு மட்டும் சொல்லாதீங்க, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அவன் சொல்லிக்கிட்டிருப்பான்.

ரெண்டாம் பகுதி இதுதான்னு வச்சுக்கோங்க. இப்போ குக்கர் வச்சிருக்கேன், விசில் எண்ணிக்கை நிக்காதுன்னு ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு வறுத்த கடலை எடுத்து மேடைல வைப்பேன், அதான் என் கணக்கு. இப்ப ரெண்டு கடலை இருக்கு. ஆனா உங்களுக்கு டைப் பண்ணிக்கிட்டே ஒண்ணை எடுத்து வாய்ல போட்டேனோன்னு சந்தேகமா இருக்கு.