எஸ்எஸ்டிக்கு எந்த ஸ்லாட், எவ்வளவு குளிர்ச்சி? தில்லி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மயூர் விஹார்): வணக்கம் ஐயா. என்னிடம் இருப்பது பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு. நேரு பிளேஸில் வாங்கிய ஜென் 4 (பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டியை (தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க்) கடைக்காரர் கீழ் ஸ்லாட்டில் பொருத்திக் கொடுத்தார். பெட்டியில் நொடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருக்கிறது. எனக்கு 3,500-ஐத் தாண்டவே இல்லை. பழுதான சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: சரக்கில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, பொருத்திய இடம்தான் தவறு. பெரும்பாலான பி550 போர்டுகளில் பிராசஸரை ஒட்டி இருக்கும் மேல் எம்.2 ஸ்லாட்டுக்கு (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்), நான்கு ஜென் 4 லேன்கள் (தகவல் செல்லும் தடங்கள்) பிராசஸரிலிருந்தே நேராக வருகின்றன. கீழ் ஸ்லாட், பிராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையில் நிற்கும் சிப்செட் என்ற சிப்பைச் சார்ந்தது. பி550 சிப்செட் தருவது ஜென் 3 லேன்கள் மட்டுமே. ஜென் 3-இல் நான்கு லேன்கள் நடைமுறையில் கொடுப்பது ஏறத்தாழ 3,500 எம்பிதான், ஆகவே உங்கள் எஸ்எஸ்டி அந்தப் பாதை அனுமதிக்கும் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, சிப்செட்டில் தொங்கும் சாட்டா டிஸ்க்குகள் (கேபிளில் இணையும் பழைய வகை), நெட்வொர்க், யுஎஸ்பி போர்ட்டுகளில் பல ஆகிய எல்லாம் பிராசஸரை அடைவதற்கு ஒரே பாதையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டியைச் சற்றுச் சாய்வாகச் செருகி, மறுமுனையை மெதுவாக அழுத்தித் திருகை முடுக்க வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அந்த 80 மி.மீ. துளையில் திருகு உட்காரும் சிறு பித்தளைத் தாங்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் திருகினால் எஸ்எஸ்டி வில்லாக வளைந்துவிடும்.

கேள்வி (ஆர்.கே. புரம்): எனக்கும் அதே போர்டுதான், ஆனால் பிராசஸர் 5600ஜி. மேல் ஸ்லாட்டில் போட்டும் வேகம் கூடவில்லையே?

பதில்: கூடாது. 5600ஜி பிராசஸரே ஜென் 3 வரைதான் தரும். எஸ்எஸ்டியை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி (ஜனக்புரி): வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மே மாதத்தில் மதியம் அறைக்குள்ளேயே 38 டிகிரி. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் பறக்கும் வேகம் பாதியில் படுத்துவிடுகிறது. மின்விசிறி வைத்த ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடு) ஒன்றைக் கடையில் பரிந்துரைக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன், வேகம் குறைவதற்குச் சூடுதான் காரணமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்க்கின் வெப்பநிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு நூறு ஜிபியாவது நகலெடுத்துப் பாருங்கள். வெப்பநிலை 80 டிகிரியை நெருங்கி, வேகம் ரம்பப் பல்லைப்போல ஏறி இறங்கினால், எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கிறது என்று கொள்ளலாம். வெப்பம் 60-லேயே நிற்க, வேகம் மட்டும் ஒரே படியாக இறங்கி அங்கேயே தங்கினால் அது பெரும்பாலும் எஸ்எஸ்டிக்குள் வேகமாக எழுத ஒதுக்கப்பட்ட தற்காலிகப் பகுதி நிரம்பியதன் விளைவு. அதற்கு எந்த ஹீட்சிங்கும் மருந்தாகாது.

சூடுதான் என்றால், போர்டோடு வந்த தகட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். சென்ற கோடையில் உறவினர் ஒருவரின் கணினி இதேபோல் திணறியது. தகட்டைத் தூக்கியபோது தெர்மல் பேடின் (சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் மெத்தை) மேல் மெல்லிய நீல பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. கடையில் அசெம்பிள் செய்தவர் கவனிக்கவில்லை. பேடில் எஸ்எஸ்டி சிப்புகளின் தடம்கூடப் பதிந்திருக்கவில்லை. தாளை உரித்து மீண்டும் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது. பேடில், எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் சதுரம் அழுந்தப் பதிந்திருக்க வேண்டும். சூட்டின் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை மட்டும் கிழிக்காதீர்கள், வாரண்டி போய்விடக்கூடும்.

தகடு சூட்டை அழிப்பதில்லை, கேபினெட் காற்றுக்குக் கைமாற்றுகிறது, அவ்வளவே. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 65-ஐத் தொடும் எஸ்எஸ்டி, அறை 38-க்குப் போனால் ஏறக்குறைய 78-ஐத் தொடும். ஆகவே முன்பக்கம் காற்றை உள்ளிழுக்க ஒரு 120 மி.மீ. மின்விசிறி, பின்பக்கம் வெளியேற்ற இன்னொன்று என்று வைப்பதே நான் முதலில் சொல்லும் செலவு. எஸ்எஸ்டி மேல் உட்காரும் விரலளவு மின்விசிறி, நம் ஊர்ப் புழுதியில் சீக்கிரமே இரைச்சல் போடத் தொடங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில் ஸ்லாட் இருந்தால், கார்டின் அனலும் அதன் மேல்தான் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி (கரோல் பாக்): இரண்டாவது எம்.2 போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது. டேட்டா போய்விட்டதா?

பதில்: அஞ்ச வேண்டாம். பல போர்டுகளில் இரண்டாம் எம்.2 ஸ்லாட்டும் ஓரிரு சாட்டா போர்ட்டுகளும் ஒரே லேன்களைப் பகிர்வதால், ஒன்று விழித்தால் மற்றொன்று உறங்கிவிடும். மதர்போர்டு கையேட்டில் எந்த எண் போர்ட் என்று இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி (ரோகிணி): ஏசி இல்லாத அறை. தண்ணீர் ஊற்றும் கூலரைக் கேபினெட்டுக்கு நேராகத் திருப்பி வைக்கலாமா?

பதில்: நேராகத் திருப்பாதீர்கள். கூலரின் ஈரக்காற்று புழுதியோடு சேர்ந்தால், மின்விசிறி இறக்கையிலும் வடிகட்டியிலும் களிம்புபோல் அப்பிக்கொண்டு, சில வாரங்களில் காற்றோட்டத்தையே அடைத்துவிடும். கூலர் அறையைக் குளிர்விக்கட்டும். ஈரம் வெளியேற எதிர்ச் சன்னல் சற்றுத் திறந்திருக்கட்டும். கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். புழுதிப் புயல் அடித்துப்போன மறுநாள் முன்பக்க வலையைக் கழற்றித் தட்டிவிடுங்கள்.