வானிலிருந்து தரையைத் தாக்குவதற்கு விளையாட்டில் வரம்பு வைப்பது எப்படி?

கேள்வி: அறிவியல் புனைவுப் போர் விளையாட்டுகளில், கோளைச் சுற்றும் கப்பல் மேலிருந்தே தரைப்படையை அழித்துவிடுகிறது. இதற்கு என்ன விதி வைக்கலாம்?

ஆட்டத்துக்கு இரண்டு முறைதான் சுடலாம் என்று எண்ணிக்கை மட்டும் வைக்காதீர்கள். ஏன் இரண்டு என்று எதிராளி கேட்டால் பதில் இருக்காது. நன்றாகச் சுட வேண்டுமானால் கப்பல் தாழ இறங்க வேண்டும், இறங்கினால் அதற்கும் அடி விழும் என்று வையுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நாலு பேர், நாங்களே எழுதிய விதிகளோடு ஆடுகிறோம். ஒருநாள் வானைப் பிடித்தவர் இரண்டாம் சுற்றிலேயே கீழே இருந்த படையை முழுக்கத் துடைத்துவிட்டார். வாரக்கணக்கில் உட்கார்ந்து காய்களுக்கு வண்ணம் பூசிக் கொண்டுவந்திருந்த தம்பி, ஒன்றும் பேசாமல் அவற்றைப் பெட்டிக்குள் அடுக்கினான். எனக்கு மனசு கேட்கவில்லை.

விடை எங்கள் ஊர் வரலாற்றிலேயே இருந்தது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பெரிய கடற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ், நடப்பதை நாட்குறிப்பில் எழுதியபடி ஆனந்தரங்கப் பிள்ளை. கப்பல்கள் கடலிலிருந்து சுட்டன. ஆனால் இங்கே கரையோரம் ஆழம் குறைவு, பெரிய கப்பல் கிட்டே வர முடியாது. சரக்கே சலங்குப் படகில்தான் கரை சேரும். எட்டத்தில் நின்று சுட்டதில் ஊருக்குப் பெரிய சேதம் இல்லை. அக்டோபரில், மழைக்காலம் நெருங்க, முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள்.

அந்த ஆழத்தின் இடத்தில் சுற்றுப்பாதையின் உயரத்தை வைத்துப் பாருங்கள். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் கப்பல் பூமியை ஒருமுறை வலம்வர ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். ஓர் ஊரின் அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறைய சுமார் 10 நிமிடம்தான். அடுத்த வலம் வருவதற்குள் பூமி 22 பாகைக்கு மேல் சுழன்றுவிடும். புதுச்சேரிக்கு மேல் போன கப்பல் இப்போது அரபிக் கடலுக்கு மேல் போகும். உடனே ஊருக்கு மேல் வர வேண்டுமானால் எரிபொருளைக் கொட்டிப் பாதையைத் திருப்ப வேண்டும். சரி, ஊருக்கு மேலேயே அசையாமல் நிற்கலாமே என்றால், நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கி.மீ. ஏற வேண்டும். அங்கிருந்து குண்டுக்குப் பதிலாக, வேகத்தைக் குறைத்துக் கீழே விழவிடும் இரும்புக் கம்பி தரைக்கு வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை எதிரியின் வண்டி அதே இடத்தில் நிற்குமா?

அடியின் பலத்தை மட்டும் குறைக்காதீர்கள், அது நியாயமில்லை. நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு கிலோ இரும்பில் ஏழு கிலோ டிஎன்டி வெடிமருந்துக்கு மேலான ஆற்றல் இருக்கிறது. காற்று ஒரு பங்கைத் தின்னும், கனமான நீளக் கம்பியானால் மிச்சமே போதும்.

இப்போது எங்கள் விதி இதுதான். ஒரு சுற்று என்பது 10 நிமிடம். தாழ்பாதையில் வந்து சுட்ட கப்பல் அடுத்த எட்டுச் சுற்றுக்குப் பலகையில் இருக்காது. ஒன்பதாவதில் திரும்ப ஓர் எரிபொருள் வில்லை கட்ட வேண்டும். அது தலைக்கு மேல் இருக்கும் சுற்றில் தரை பீரங்கியும் அதைச் சுடலாம். வரிசையாக ஒன்பது கப்பல் விட்டால் இடைவெளியே இருக்காதுதான், ஆனால் அத்தனைக்கும் படை வாங்கும் புள்ளியைக் கட்டினால் தரையில் இறக்க ஆள் மிஞ்சாது. தன் படை பக்கத்துக் கட்டத்தில் நின்றால் பகடை தவறும்போது அடி அவர்கள் மேல்தான்.

அப்புறம், வெற்றிப் புள்ளியை இடிந்த ஊருக்குக் கொடுக்காதீர்கள், முழுசாகக் கைக்கு வரும் ஊருக்குக் கொடுங்கள். ஆங்கிலேயர் மறுபடி புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, 1761 ஜனவரி முதல் நாள் புயல் அவர்கள் கப்பல்கள் பலவற்றை அழித்தது. அப்படியும் முற்றுகை தளரவில்லை, பசி தாங்காமல் அந்த மாத நடுவிலேயே புதுச்சேரி பணிந்தது. அதைப் படித்த பிறகு வான்வழி முற்றுகைக்கென்று தனி விதி எழுதினோம். கப்பல் சுடாமல் உயரத்திலேயே நின்றால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை எதிரியின் உணவு வில்லை ஒன்று போகும். போன வாரம் அந்தத் தம்பி வானத்தைப் பிடித்தான். ஒரு குண்டுகூடப் போடாமல் ஊரை வாங்கிவிட்டான்.