ஜெபம் நிற்கவில்லை, ஆனாலும் உள்ளே வறட்சி: எங்கே தேடுவது?

பெரியகல்லாற்றிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி ஒருவர் பன்னிரண்டு வருடங்களாக ஓய்வுநாட் பாடசாலையில் கற்பிக்கிறார். “பெரிய பாவம் என்று சொல்லக்கூடியது எதுவும் என்னிடம் இல்லை. ஆராதனையைத் தவறவிடுவதுமில்லை. இருந்தும் மூன்று வருடங்களாக உள்ளே வறண்டுபோயிருக்கிறேன். எந்தப் பழக்கம் என்னை இப்படி ஆக்கியது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்கிறார்.

சகோதரி, பலர் “என்ன பாவம் செய்தேன்” என்று தேடி, ஒன்றும் அகப்படாததால் தேடலையே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பழக்கத்தைத் தேடுகிறீர்கள். அது சரியான இடம். செய்த தவறு எந்த நாளில் நடந்தது என்று சொல்லிவிடலாம், பழக்கத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மட்டக்களப்பின் பாலமீன்மடுவில் கோடைகாலத்தில் மண் சேர்ந்து ஆற்றுவாய் அடைபடுகிறதே, அது எந்த நாளில் அடைபட்டது என்று கரையில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். எப்பிராயீமைப் பற்றி ஓசியா 7:9 சொல்வதும் இதையே: நரைமயிர் அவன் தலையில் தெளித்திருக்கிறது, அவனோ அதை அறியாதிருக்கிறான். கர்த்தர் தன்னை விட்டு விலகியதை சிம்சோனும் அறியவில்லை (நியாயாதிபதிகள் 16:20). சம்பந்தப்பட்டவரே கடைசியாக அறிகிறார் என்பதால், உங்கள் உணர்வுகளிடம் விசாரிப்பதை விட்டு, வெளியே பதிந்திருக்கும் தடயங்களைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் தடயம் உங்கள் வேதாகமத்திலேயே இருக்கக்கூடும். அதை எடுத்து, பென்சில் கோடுகள் எந்தப் பகுதிகளில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் கோடிட்டவை யாவும் பாடத்திட்டத்தில் வந்த பகுதிகளாகவே இருந்தால், நீங்கள் பிள்ளைகளுக்காக மட்டுமே வாசித்து வந்திருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் சமைக்கிறவர் அகப்பையில் உப்புப் பார்த்த அளவோடு தானும் சாப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வது போன்றது இது. ஊழியம் செய்கிறவர்களிடம் நான் அதிகமாகக் கண்டது இந்தப் பழக்கத்தைத்தான். இது நல்ல காரியத்தின் மடியிலேயே வளர்வதால் எவரும் இதைச் சந்தேகிப்பதில்லை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, ‘அசிடியா’ எனப்பட்ட உள்ளச் சோர்வை மிக நுணுக்கமாக விவரித்திருக்கிறார். நடுப்பகலில் துறவி யன்னலையே பார்க்கிறார், சூரியன் நகரவில்லை என்று எண்ணுகிறார், பகல் ஐம்பது மணி நேரமாக நீண்டுவிட்டதாக உணர்கிறார். அவருக்குப் பின்வந்த காசியன் என்ற துறவி இன்னொன்றையும் சேர்க்கிறார்: நோயாளிகளைப் பார்த்துவரப் போவதே இதைவிடப் புண்ணியமல்லவா என்று அதே சோர்வு பக்தியின் உடையில் வந்து காதில் சொல்லுமாம்.

இன்றைய யன்னல் கைத்தொலைபேசி. விடிய ஐந்து மணிக்கு எழுந்து, வசனம் எழுதிய படமொன்றை மூன்று வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பி, யார் பார்த்தார்கள் என்று இரண்டு முறை திறந்து பார்ப்பதற்குள் தேநீர் வைக்கும் நேரம் வந்துவிடுகிறது. வசனம் அனுப்பியாயிற்று என்பதால் ஜெபித்துவிட்டது போன்ற நிறைவும் வந்துவிடுகிறது. “ஜெபிக்கிறேன்” என்று கைகூப்பிய படத்தோடு பதில் போட்டுவிட்டு மறந்துபோவதும் இதன் தங்கைதான். நானே அப்படி மறந்திருக்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஒரு தாய் நன்றி சொன்னபோது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆலயத்தில் எந்த வாங்கில் உட்காருகிறீர்கள், யாரைத் தவிர்ப்பதற்காக அங்கே மாறினீர்கள் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். அதை நான் விளக்கத் தேவையில்லை.

தேடும் முறை எளிது. லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) கற்பித்த ஆன்ம சோதனையை மட்டக்களப்புக் கத்தோலிக்கர் இயேசு சபைக் குருக்கள் வழியாக அறிவார்கள். மெதடிஸ்தரான நாமும் அதைக் கடன்வாங்கலாம். இரவில் பத்து நிமிடம் அமர்ந்து, நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, அன்றைய நாளை மணிக்கணக்காக நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அமைதி கிடைத்தும் அதைவிட்டு ஓடினேன், ஓடி எதைக் கையில் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் வாரத்தில் எதையும் திருத்த முயலாதீர்கள். திருத்தத் தொடங்கியவுடன் மனம் நல்ல பிள்ளையாக நடிக்கும், பழக்கம் ஒளிந்துகொள்ளும்.

பிறகு இன்னொருவருடைய கண்ணும் வேண்டும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்தர் தங்கள் ஆலயக் கட்டிடத்தின் கடனை அடைப்பதற்காக, ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளரை வைத்து வாரம் ஒரு பென்னி சேகரித்தார்கள். பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதையும் கண்டுவந்து சொன்னதால், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே ஆன்ம பராமரிப்பின் அமைப்பாக்கினார். அந்த மரபோடுதான் 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். நான் அறிந்த சில சபைகளில் இன்று பணம் மட்டும் மிஞ்சி, விசாரிப்பு போய்விட்டது. ஆகவே நீங்களே ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்: உங்களைவிட வயதில் மூத்த, கதையை வெளியே கொண்டுபோகாத ஒரு அக்கா. “மூன்று வருடத்துக்கு முன்பு என்னிடம் இருந்து இப்போது இல்லாதது என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுமொழியை இடைமறிக்காமல் கேளுங்கள்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வறட்சியோடு நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அதைப் பழக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள்; வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் விசுவாசக் குறைவு எதுவுமில்லை. யுத்தத்தையும் சுனாமியையும் கடந்த இந்தக் கரையில் அழாமல் விட்ட துக்கங்களும் நிறைய இருக்கின்றன.

பழக்கம் அகப்பட்டதும் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இரவில் குசினியில் கிடக்கட்டும். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சங்கீதம் காலையில் முதலாவதாக வரட்டும். முடிந்தால் ஒரு ஞாயிறு வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு பின்வாங்கில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். அன்று என்ன நேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள்.