சமையலறையும் சாப்பிடும் இடமும் ஒரே அறையில் இருந்தால் எப்படி அமைப்பது, எப்படி அலங்கரிப்பது?

சமையலறையும் சாப்பாட்டு மேசையும் ஒரே அறைக்குள் வரும் வீட்டிற்குக் குடிபோகவிருப்பதாகவும், சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம், கதவில்லாத திறந்த அலமாரித் தட்டுகள் வைக்கலாமா, எந்த அளவில் மேசை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சமையல் மேடையின் உயரத்தையும் விளக்கின் இடத்தையும் முடிவு செய்யுங்கள். அவை இரண்டும் சரியாக அமைந்த சமையலறை வெள்ளைச் சுவரோடும் அழகாக இருக்கும். அவை தவறிப்போனால் எந்த நிறமும் அதை ஈடுசெய்யாது.

இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். எங்கள் முதல் சமையலறையைப் படங்களைப் பார்த்து அமைத்தோம். மேடையின் உயரம் 90 செ.மீ.; வேலை செய்தவர் அதுதான் வழக்கம் என்றார், நாங்களும் கேள்வி கேட்கவில்லை. என் அம்மாவின் உயரமோ 150 செ.மீ. சில மாதங்களில் அவருக்குத் தோள்வலி தொடங்கியது. ஒரு நாள் பக்கத்தில் நின்று கவனித்தபோதுதான், ஒவ்வொரு முறை காய் நறுக்கும்போதும் அவருடைய தோள்கள் காதை நோக்கி உயர்வதைக் கண்டேன். பிறகு அவராகவே ஒரு மரப்பலகையைத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று நறுக்கத் தொடங்கினார். இரண்டாவது முறை கட்டியபோது மேடையை 82 செ.மீ. உயரத்தில் அமைத்தோம், பலகை தேவைப்படவில்லை.

வழி எளிது. அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் நறுக்கும் மேடையின் உயரம் கிடைக்கும். அடுப்பு இருக்கும் பகுதி இதைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பது நல்லது, ஏனெனில் பாத்திரத்தின் உயரமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பாத்திரம் கழுவும் சிங்க் சற்று உயரமாக இருக்க வேண்டும், ஏனெனில் கை உண்மையில் வேலை செய்வது அதன் அடிப்பகுதியில். இருவர் மாறி மாறிச் சமைக்கும் வீட்டில் குள்ளமானவருக்கு ஏற்ப நறுக்கும் பகுதியை வைத்து, உயரமானவருக்குத் தடித்த நறுக்குப் பலகை ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது வெளிச்சம். கூரையின் நடுவில் ஒரே ஒரு விளக்கு இருந்தால், மேடையை நோக்கி நிற்பவருக்கு அது முதுகுப்புறம் அமைந்துவிடும். அவருடைய தலையின் நிழல் நேராக நறுக்குப் பலகையின் மேல், கத்தியும் விரலும் இருக்கும் இடத்திலேயே விழும். இதைத் தவிர்க்க, மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்துங்கள், அதுவும் சுவரை ஒட்டியல்ல, அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி. மேடையில் பளபளப்பான கல் பதித்திருந்தால் பட்டையின் புள்ளிகள் ஒவ்வொன்றும் அதில் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். பால்நிற மூடி கொண்ட பட்டையை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. வேலை செய்யும் இடத்திற்கு 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட வெண்மையும், சாப்பிடும் மேசைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இளமஞ்சளும் பொருந்தும். சி.ஆர்.ஐ., அதாவது விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டும் அளவு, 90 அல்லது அதற்கு மேல் உள்ள விளக்கில்தான் உணவின் நிறம் இயல்பாகத் தெரியும். மேசையின் மேல் தொங்குவிளக்கு வைப்பதானால், மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள், எதிரே இருப்பவரின் முகத்தை அது மறைக்காது.

இந்த இரு விளக்குகளுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரே அறையில் சமைத்துச் சாப்பிடுபவர்களுக்குள்ள பெரிய குறை, சாப்பிடும்போது கழுவாத பாத்திரங்கள் கண்முன் நிற்பதுதான். சாப்பிட உட்காரும் நேரத்தில் மேடை விளக்கை அணைத்து, மேசை விளக்கை மட்டும் எரியவிட்டால், சிங்க்கும் அடுப்பும் இருளுக்குள் ஒதுங்கி, மேசை மட்டும் தனி அறைபோல் தோன்றும். எங்கள் வீட்டில் செய்த மாற்றங்களிலேயே நான் மிகவும் விரும்புவது இதைத்தான்.

பொருள்களை எங்கே வைப்பது என்பதற்குப் பழைய வழிகாட்டி ஒன்று உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சமையலறையை வடிவமைத்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் சிறிய இடத்திற்குள் எல்லாம் கைக்கெட்டும்படி அடங்கியிருந்ததை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஆனால் அதில் ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும் என்ற குறையும் பின்னாளில் பேசப்பட்டது. 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான முக்கோண விதி, அடுப்பு, சிங்க், குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட தூரம் ஒவ்வொன்றும் 1.2 முதல் 2.7 மீட்டருக்குள் இருக்கட்டும் என்கிறது. உங்களைப் போல் ஒரே அறையில் மேசையும் இருந்தால், அந்த முக்கோணத்திற்குள் மேசையோ நாற்காலியோ நுழையாமல் பார்த்துக்கொள்வதே இந்த விதியால் உங்களுக்குக் கிடைக்கும் முதன்மையான பயன். சூடான பாத்திரத்தோடு திரும்புபவரின் வழியில் நாற்காலிக் கால் இருக்கக் கூடாது.

மேசைக்கு ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் என்று கணக்கிடுங்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழவும், பின்னால் ஒருவர் கடந்து செல்லவும் மேசை விளிம்பிலிருந்து 90 செ.மீ. இடம் வேண்டும், பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான். வாங்கும் முன் பழைய செய்தித்தாள்களை மேசையின் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பாருங்கள். நான் இப்படி விரித்த பிறகுதான், ஆறு பேர் மேசை போட்டால் குளிர்பதனப் பெட்டியின் கதவு முழுதாகத் திறக்காது என்பது தெரிந்தது. இடம் மிகக் குறைவு என்றால் ஒரு பக்கத்தில் சுவரை ஒட்டி நீளிருக்கை போடுங்கள். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் இடம் மிச்சமாகும், இருக்கையின் அடியில் பொருள்களும் வைக்கலாம்.

திறந்த அலமாரித் தட்டுகள் பற்றிக் கேட்டீர்கள். வைக்கலாம், ஆனால் நாள்தோறும் எடுத்துக் கழுவும் சாப்பாட்டுத் தட்டுகளையும் குவளைகளையும் மட்டும் அதில் அடுக்குங்கள். அடுப்பிலிருந்து எழும் எண்ணெய்ப் புகை, அசையாமல் நிற்கும் பொருளின் மேல் படிந்து, தூசியைப் பிடித்து, பிசுக்காக மாறிவிடும்; அழகுக்காக வைத்த சாடியை ஒரு மாதம் கழித்துத் தொட்டால் விரல் ஒட்டும். மேடைக்குக் கீழே அலமாரிக்குப் பதிலாக இழுப்பறைகளே சிறந்தவை, குனிந்து உள்ளே தேட வேண்டியதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, பிடித்த நிறத்தைச் சுவரில் இரண்டடிச் சதுரத்திற்குப் பூசி, பகலிலும், மேலே சொன்ன விளக்கு வெளிச்சத்திலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அடுப்புக்குப் பின்னால் ஒட்டும் டைல்ஸ் வெள்ளையாக இருந்தாலும், இடையில் பூசும் கலவை சாம்பல் நிறமாகவே இருக்கட்டும், கறை தெரியாது. பிளக் பாயிண்டுகள் எங்கெங்கே வர வேண்டும் என்பதை அந்த டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே, மிக்ஸியும் கெட்டிலும் நிற்கப்போகும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, மின்பணியாளரிடம் காட்டிவிடுங்கள்.