நூலகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மினிபஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது

கேள்வி: மேற்கு லண்டனில் 14 ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்கள் பகுதியின் கிளை நூலகத்தை மூடப்போவதாகக் கவுன்சில் அறிவித்து, இணையத்தில் ஆறு வாரம் மக்கள் கருத்துக் கேட்கிறது. அது முடிய இன்னும் 19 நாட்களே இருக்கின்றன. கேள்வித்தாளில் இரண்டே தெரிவுகள்: மூடிவிடுவது, அல்லது தொண்டர்களிடம் ஒப்படைப்பது. எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அறைதான் என்பதால் மகன் வீட்டுப்பாடம் செய்வது அந்த நூலகத்தில்தான். கடைத்தெருவின் பொதுக் கழிப்பறையை ஏற்கெனவே பூட்டிவிட்டார்கள். நடைச்சட்டத்தோடு நடமாடும் என் அம்மாவை வாரம் இரண்டு நாள் முதியோர் மதிய உணவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்ற மினிபஸ்ஸும் சென்ற மாதம் நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சமூகப் பணியாளர் ஒருவர் எழுதிக்கொடுத்த திட்டத்தில் அது இருந்தது. நாங்கள் 640 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். வழக்குப் போட்டு நூலகத்தைக் காப்பாற்ற முடியுமா? எல்லோரும் சேர்ந்து கவுன்சில் வரியைக் கட்டாமல் விட்டால் என்ன?

பதில்: சகோதரிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நீங்கள் அவசரப்பட்டுவிடக்கூடும். வரியை நிறுத்தாதீர்கள். சேவை குறைந்துவிட்டது என்பது வரி கட்டாமலிருக்கச் சட்டம் ஏற்கும் காரணம் அல்ல. முதலில் நினைவூட்டல் கடிதம் வரும். பிறகு தவணைச் சலுகை போய் முழுத் தொகையும் கேட்கப்படும். அதன்பின் மஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணை, செலவுத்தொகை, கடைசியில் பாக்கியை வசூலிக்க வாசலில் பெயிலிஃப். இதில் கவுன்சிலுக்கு ஒரு நட்டமும் இல்லை. பாதிக்கப்படுவது உங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான்.

கழிப்பறை விஷயத்திலும் நல்ல செய்தி இல்லை. இங்கிலாந்தில் பொதுக் கழிப்பறை கட்டி நடத்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு, கடமை இல்லை. செலவைக் குறைக்க வேண்டியிருக்கும்போது ஒவ்வொரு கவுன்சிலும் முதலில் கைவைப்பது இப்படிக் கடமை இல்லாத இடங்களில்தான். உங்கள் கவுன்சிலரிடம் முறையிடலாம். வழக்காக இது நிற்காது.

நூலகம் அப்படியல்ல. 1964ஆம் ஆண்டுப் பொது நூலகங்கள், அருங்காட்சியகங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பயன்படுத்த விரும்பும் எல்லோருக்கும் 'முழுமையான, திறமையான' நூலகச் சேவையைத் தர வேண்டும் என்று கவுன்சிலைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் தெருவுக்கொரு நூலகம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் கிளைகளை வைத்தே கடமையை நிறைவேற்றிவிடலாம் என்று கவுன்சில் வாதிடலாம், பல வழக்குகளில் வாதிட்டு வென்றும் இருக்கிறது. 2011இல் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பிரென்ட் கவுன்சில் தனது 12 நூலகங்களில் ஆறை மூடியபோது, குடியிருப்பாளர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார்கள். நூலகத்தை அதிகம் பயன்படுத்தும் ஆசியச் சமூகத்தினரை இது கூடுதலாகப் பாதிக்கும் என்றும் வாதிட்டார்கள். தோற்றார்கள். அந்த ஆறில் ஒன்று கென்சல் ரைஸ் நூலகம். 1900இல் அதைத் திறந்து வைத்தவர் மார்க் ட்வெயின். பின்னர் உள்ளூர்க்காரர்களே அதைத் தொண்டர் நூலகமாக உயிர்ப்பித்தார்கள் என்பது வேறு கதை.

'நூலகம் எங்களுக்கு வேண்டும்' என்று சொல்லி நீதிமன்றம் போனால் நீதிபதி அனுதாபத்தோடு கேட்டுவிட்டு மனுவைத் தள்ளிவிடுவார். எதை வெட்டுவது என்பது தேர்தலில் வென்றவர்களின் வேலை என்பது நீதிமன்றங்களின் பழைய நிலைப்பாடு. ஆனால் அந்த முடிவை எப்படி எடுத்தார்கள் என்று கேட்க நீதிமன்றத்துக்குத் தயக்கமே கிடையாது. நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சில் 2018இல் திவாலாகும் நிலைக்கு வந்து, புதிய செலவுகளை நிறுத்தும் 114ஆம் பிரிவு அறிவிப்பையே வெளியிட்டது. அப்படிப்பட்ட கவுன்சில் 36 நூலகங்களில் 21ஐக் கைவிட எடுத்த முடிவுகூட அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் சட்டவிரோதமானது என்று தீர்ப்பானது. காசில்லை என்பது சட்டத்தை மறப்பதற்குச் சாக்காகவில்லை.

உங்கள் கேள்வித்தாளின் இரண்டு தெரிவுகளும் என் கண்ணில் பட்டது இதனால்தான். 1985இல் வந்த ஒரு வழக்கிலிருந்து (அதுவும் பிரென்ட்தான், பள்ளிக்கூட விவகாரம்) கருத்துக் கேட்புக்கு நான்கு விதிகள் உண்டு. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014இல் ஹாரிங்கே கவுன்சிலுக்கு எதிரான மோஸ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை ஏற்றுக்கொண்டது. கவுன்சில் வரிச் சலுகையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோலக் கேள்வித்தாள் அமைத்திருந்தார்கள். வரியை உயர்த்துவது, சேமிப்பு நிதியை எடுப்பது போன்ற மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லாமல் விட்டது தவறு என்று தீர்ப்பு வந்தது. உங்கள் கேள்வித்தாளில் திறக்கும் நேரத்தைக் குறைப்பது இருக்கிறதா? பள்ளிக்கூடத்தோடு கட்டடத்தைப் பகிர்ந்துகொள்வது? இல்லையென்றால், அதையே எழுதுங்கள்.

ஆனால் மோஸ்லி வழக்கில் வென்ற பெண்ணுக்குக் கிடைத்தது 'கவுன்சில் செய்தது சட்டவிரோதம்' என்ற பிரகடனம் மட்டும்தான். மீண்டும் கருத்துக் கேட்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. வென்ற பிறகும் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லாத வெற்றிகள் இந்தத் துறையில் உண்டு.

இப்போது உங்கள் 640 கையெழுத்து. அதைக் குறைத்துப் பேசவில்லை, கவுன்சிலர்களுக்குக் கணக்குத் தெரியும். ஆனால் நீதிபதிக்கு ஓர் எண்ணால் பெரிய பயன் இல்லை. அந்த 640 பேரில் 40 பேராவது தங்கள் பெயரில், தங்கள் சொந்த வார்த்தையில், யாருக்கு என்ன இடர் வரும் என்று எழுதட்டும். அடுத்த கிளைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், குழந்தைத் தள்ளுவண்டியோடும் நடைச்சட்டத்தோடும் அங்கே போக முடியுமா, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் வேலை விண்ணப்பத்தை எங்கே நிரப்புவார் என்று எழுதட்டும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, வயது, உடற்குறை, இனம், கர்ப்பம் போன்றவற்றின் அடிப்படையில் பாதிக்கப்படுவோரைப் பற்றி முடிவெடுக்கும் முன் உண்மையாகவே சிந்திக்கும்படி கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. குளொஸ்டர்ஷயரும் சொமர்செட்டும் 2011இல் நூலக வழக்கில் தோற்றது இந்த இடத்தில்தான். வறுமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 'ஏழைகள் பாதிக்கப்படுவார்கள்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்த ஏழை முதியவரா, கைக்குழந்தையோடு இருப்பவரா என்றும் எழுதுங்கள். கருத்துக் கேட்பு இணையத்தில் மட்டும் நடப்பதையும் இதே காரணத்தால் எதிர்த்து, காகிதப் படிவமும் மொழிபெயர்ப்பும் கூடுதல் அவகாசமும் எழுத்தில் கேளுங்கள்.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கவுன்சிலின் ஆவணங்களைக் கேட்டால் பதில் வர 20 வேலை நாட்கள் ஆகலாம். உங்களுக்கு இருப்பதோ விடுமுறை சேர்த்து 19 நாட்கள். இருந்தாலும் இன்றே கேளுங்கள், பதில் வழக்குக்கு உதவும். முடிவெடுக்கும் கூட்டத்தின் ஆவணங்கள் கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அதில் சமத்துவத் தாக்க மதிப்பீட்டை, அதாவது இந்த முடிவு யாரைக் கூடுதலாகப் பாதிக்கும் என்று கவுன்சில் எழுதிய அறிக்கையைத் தேடி எடுத்து, நீங்கள் எழுதியது அங்கே எட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டடம் கைமாறிவிடும் என்று பயந்தால், உள்ளூர் வாக்காளர் பட்டியலில் உள்ள 21 பேர் சேர்ந்து 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டப்படி அதைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிட விண்ணப்பிக்கலாம். அது விற்பனையைத் தள்ளிப்போடும், தடுக்காது. அந்த விதிகளை மாற்றும் மசோதா 2025இல் பார்லிமென்ட்டுக்கு வந்ததால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் நீதிமுறை மீளாய்வு மனு, அதாவது கவுன்சில் முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்பது. தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 'மூன்று மாதம் இருக்கிறதே' என்று கடைசி வாரத்தில் வருகிறவர்களை நான் வருத்தத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தோற்றால் கவுன்சிலின் செலவும் தலையில் விழலாம் என்பதால், மனுதாரர் யார், சட்ட உதவி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே அரசு அமைப்புகளுக்கு எதிரான வழக்குகளை நடத்தும் ஒரு பொதுச்சட்ட வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

இனி மினிபஸ். உங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போன இந்த விஷயத்தில்தான் சட்டம் உங்கள் பக்கம் பலமாக நிற்கிறது. நூலகம் எல்லோருக்கும் பொதுவானது, அதில் உங்களுக்கென்று தனி உரிமை இல்லை. அம்மாவின் திட்டம் அம்மாவுடையது. கேர் ஆக்ட் எனப்படும் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தகுதியுள்ள தேவை என்று ஒருமுறை மதிப்பிட்ட பின் அதைக் கவுன்சில் நிறைவேற்றியே ஆக வேண்டும். தகுதி அளவுகோல் 2015 ஏப்ரல் முதல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒன்றுதான், பட்ஜெட் சுருங்கியது என்று ஒரு கவுன்சில் தன்னிஷ்டத்துக்கு அதை உயர்த்திக்கொள்ள முடியாது. வெளியே போய் உள்ளூர் வசதிகளைப் பயன்படுத்துவதும், மனிதர்களோடு உறவைப் பேணுவதும் அந்த அளவுகோலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. தேவையை மலிவான வழியில் நிறைவேற்றக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. மினிபஸ்ஸுக்குப் பதில் டாக்ஸி தரலாம். ஒன்றுமே தராமல் விட முடியாது. திட்டத்தை மாற்றுவதானால் 27ஆம் பிரிவின்படி அம்மாவைக் கலந்து மீளாய்வு செய்ய வேண்டும். பஸ் வராமல் நின்றுபோவது மீளாய்வு ஆகாது.

இந்த வாரமே அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டத்தின் பிரதி, மினிபஸ் நின்ற தேதி, அதன் பிறகு அவர் எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்பது, 27ஆம் பிரிவின் கீழ் மீளாய்வு கோரிக்கை, மீளாய்வு முடியும் வரை போக்குவரத்துக்கு மாற்று ஏற்பாடு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆகியவை அதில் இருக்கட்டும். அவரைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்கள் என்றால், 10ஆம் பிரிவின் கீழ் உங்கள் தேவைகளையும் மதிப்பிடும்படி இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மகள்மார் இதைக் கேட்பதே இல்லை. பதில் சரியில்லை என்றால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழி, அதற்கு மேல் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். அவரிடம் போகக் கட்டணம் இல்லை, 12 மாதத்துக்குள் போக வேண்டும். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாக வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் மட்டும் பேசினால், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே தேதியோடு குறித்து வையுங்கள்.