நான்காவது பத்தியில் இருக்கிறது உங்கள் செய்தி

கேள்வி: திண்டுக்கல்லில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பிரசவமான பெண்களுக்கென்று தனி மையம் நடத்துகிறேன். பெண்கள் உடல்நலம் பற்றித் தொடர்ந்து எழுதும் ஒரு பத்திரிகையாளருக்கு எங்கள் மையத்தைப் பற்றிப் பலமுறை மெயில் அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில்தான் இல்லை. உள்ளே ஆள் தெரிந்தால்தான் செய்தி வருமா? அனுப்பிய மெயிலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆள் தெரிந்திருந்தால் மெயிலைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்து பார்ப்பார்கள். அதற்கு மேல் பெரிதாக எதுவும் நடக்காது தோழி. திறந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

உங்கள் மெயிலின் தலைப்பு, 'மூன்றாம் ஆண்டில் எங்கள் வெற்றிப் பயணம்'. முதல் பத்தியில் குத்துவிளக்கு ஏற்றியவரின் பெயர். இரண்டாவதில் நீங்கள் வாங்கிய சான்றிதழ்கள். மூன்றாவதில் புதிதாக இறக்கியிருக்கும் கருவி. நான்காவது பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: 'நூற்பாலைக்குப் போகும் பெண்கள் பலர் சிறுநீர் கசிவுக்குப் பயந்து ஷிப்ட் முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை.' படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பத்திரிகையாளர் அதுவரை வந்திருக்கவே மாட்டார்.

ஆசிரியர் குழுக் கூட்டத்தில் ஒரு நிருபர் ஐடியா சொன்னால் எடிட்டர் கேட்பதெல்லாம் 'இதுல என்ன புதுசு? யார் பேசுவாங்க?' என்பதுதான். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியில் புதுசு ஒன்றுமில்லை. அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் அதைப் பற்றி 1948லேயே எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் உங்கள் ஊர் மில் பெண்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எழுத வேண்டியது. அது தினமும் உங்கள் காதில் விழுகிறது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் நிருபருக்குத் தெரிய வழியே இல்லை.

நானாக இருந்தால் 'தண்ணீர் குடிக்கப் பயப்படும் மில் பெண்கள்' என்று தலைப்புப் போட்டு இவ்வளவுதான் எழுதுவேன்:

'வணக்கம் மேடம். தும்மினால், சிரித்தால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று என்னிடம் வரும் பெண்களில் பலர் நூற்பாலைத் தொழிலாளர்கள். வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவதால் வருடக்கணக்கில் யாரிடமும் காட்டவில்லை. பெயரை மாற்றி எழுதினால் இருவர் பேசத் தயார். எங்கள் மையத்தோடு தொடர்பில்லாத மகப்பேறு மருத்துவர் ஒருவரும் பேசுவார். மதியம் 2 மணிக்கு மேல் என்னை அழைக்கலாம்.'

கீழே உங்கள் பெயர், படிப்பு, போன் நம்பர். பிரோஷர் வேண்டாம். உங்கள் மெயிலில் இருக்கும் 'தக்க முறையில் கவனித்துக்கொள்கிறோம்' என்ற அந்த வரி கண்டிப்பாக வேண்டாம், பணம் தருகிறோம் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும்! மானமுள்ள நிருபர் அதைப் பார்த்ததும் மெயிலை மூடிவிடுவார்.

மருத்துவரைக் கேட்டால் முதலில் தயங்கக்கூடும். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளின்படி, தனக்கு விளம்பரமாகவோ நோயாளிகளை இழுப்பதாகவோ அமையும் பேட்டிகளை டாக்டர்கள் கொடுக்கக் கூடாது. ஆனால் பொதுச் சுகாதார விஷயங்களைப் பற்றித் தன் பெயரிலேயே எழுதலாம், பேசலாம். உங்கள் மையத்தைப் பாராட்டச் சொல்லி அவரைக் கேட்காதீர்கள், பிரச்னையைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், '10 நாளில் 100% குணம்' என்று போட்டிருக்கிறீர்களே. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், தும்மினால், பாரம் தூக்கினால் வரும் இந்த வகைக் கசிவுக்கு நிபுணர் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதப் பயிற்சியை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. உடல்நலம் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். உங்கள் 10 நாளைப் பார்த்ததும் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். பிரோஷரின் கடைசிப் பக்கத்தில் 'கர்ப்பப்பைக் கோளாறு தீர்க்கும் மூலிகை எண்ணெய்' வேறு. மருந்துகள், மாய சிகிச்சைகள் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம் எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியலே போட்டிருக்கிறது. கர்ப்பப்பை நோய்கள் அதில் இருக்கின்றன. பத்திரிகையில் வருகிறதோ இல்லையோ, அந்தப் பக்கத்தை முதலில் எடுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது நீங்கள் இணைத்திருந்த படங்களைப் பார்த்துத்தான். சிகிச்சைக்கு வந்த பெண்களின் முகம் தெரிகிறது, ஒரு படத்தின் கீழே பெயரும் ஊரும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தாலும், பயிற்சி மேஜையில் படுத்திருக்கும்போது கேட்டால் யார் முடியாது என்பார்கள்? உங்களை நம்பி வந்திருக்கிறவர்கள். சிகிச்சை நேரத்தில் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். இன்னொரு நாள் போனில் கேளுங்கள். எந்தப் பத்திரிகை, எதைப் பற்றி, பெயர் வருமா வராதா என்று சொல்லுங்கள். மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு குறையும் இருக்காது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். வீட்டில் கலந்து பேச இரண்டு நாள் கொடுங்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'இருவர் பேசத் தயார்' என்ற வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். அப்போதும் அது செய்திதான்.

பேட்டி எடுத்தார்கள் என்றே வையுங்கள். அச்சுக்கு முன் முழுக் கட்டுரையையும் காட்டச் சொல்லாதீர்கள், பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். 'மருத்துவத் தகவல்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்' என்றால் சந்தோஷமாக அனுப்புவார்கள். மையத்தின் முகவரியும் போன் நம்பரும் வராமல் போகலாம். அவை வந்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் பேச வேண்டியது விளம்பரப் பிரிவிடம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் மெயில். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொரு பத்திரிகைக்கு அனுப்புங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் 'உங்களுக்கு மட்டும்' என்று அனுப்பினால் இரண்டு பேரையும் இழப்பீர்கள். வாட்ஸ்அப் குட்மார்னிங்கை இன்றோடு நிறுத்துங்கள்.

மார்ச் 8ஐ ஒட்டி அனுப்ப வேண்டாம். அந்த வாரம் எல்லா மருத்துவமனையும் மகளிர் தினச் செய்தி அனுப்பும், உங்களுடையது அடியில் போய்விடும். சிறுநீர்க் கட்டுப்பாடு பற்றிய உலக விழிப்புணர்வு வாரம் ஜூனில் வருகிறது. மாத, மாதமிருமுறை இதழ்களின் பக்கங்கள் வாரக்கணக்கில் முன்பே முடிவாகிவிடும் என்பதால் அவற்றுக்கு ஏப்ரல் கடைசியில் அனுப்புங்கள். நாளிதழ் இணைப்பு என்றால் ஜூன் முதல் வாரம் போதும்.