இறுகிப்போன பிவட் போல்ட்: சுத்தியலைக் கையில் எடுக்கும் முன்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பழைய பைக், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம், அது மேலும் கீழும் ஆட அச்சாக அதன் குறுக்கே போகும் அந்த நீளமான பிவட் போல்ட்.

நட்டு கழன்றுவிட்டது. போல்ட் மட்டும் அசைய மறுக்கிறது. பெரிய சுத்தியலால் ஒரே போடாகப் போடலாமா?

நானும் ஒருகாலத்தில் அதைத்தான் செய்தேன். நாலாவது அடியில் போல்ட்டின் நுனி காளான் குடை மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த நுனி ஃபிரேம் ஓட்டைக்குள் நுழையாது. அரத்தை வைத்து அதைத் தேய்த்து எடுக்கவே ஒரு பகல் போனது.

முதலில் உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். சில மாடல்களில் ஒரு பக்கம் ஃபிரேமுக்குள்ளேயே மரை போட்ட அட்ஜஸ்டர் காலரும் அதற்கு ஒரு லாக் நட்டும் இருக்கும். அதைத் தளர்த்தாமல் எவ்வளவு அடித்தாலும் வீண்.

அப்புறம், தள்ளுவதற்கு முன் சுற்றிப் பாருங்கள். போல்ட் தலையில் நீளக் கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். துரு முதலில் உடைவது சுற்றும்போதுதான். அடித்தே ஆக வேண்டுமென்றால், பழைய நட்டு ஒன்றை மரையின் நுனியோடு சமமாக இருக்கும்படி மாட்டி, பித்தளைத் தண்டை வைத்து அதன்மேல் அடியுங்கள். இலேசான சுத்தியலால் பத்து அடி கொடுப்பதைவிட, கனமான சுத்தியலால் நேராக இரண்டு அடி மேல். வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலை நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே வரவில்லை. ஏன்?

நல்ல கேள்வி. போல்ட் நேராக ஸ்விங்ஆர்முக்குள் ஓடவில்லை. நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ், இருக்கிறது. ஸ்விங்ஆர்முக்குள் பொருத்தியிருக்கும் புஷ் என்ற வளையமோ பேரிங்கோ அந்த ஸ்லீவின் மேல்தான் சுழலும். போல்ட்டை இறுக்கும்போது ஃபிரேமில் போல்ட்டைத் தாங்கும் இரண்டு காதுகளுக்கும் நடுவில் நசுங்கி நிற்பதும் இந்த ஸ்லீவ்தான். உங்கள் வண்டியில் போல்ட்டும் ஸ்லீவும் துருவால் ஒட்டி ஒரே துண்டாகிவிட்டன. இரண்டும் சேர்ந்து புஷ்ஷுக்குள் சுற்றுகின்றன. வெளியே தள்ளினால் ஸ்லீவின் முனை ஃபிரேம் காதில் முட்டி நின்றுவிடும். அந்த ஓட்டை போல்ட் அளவுக்குத்தான் இருக்கிறது.

இரும்பு துருவாக மாறும்போது அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளி அப்படித்தான் காணாமல் போனது. எண்ணெய் இரண்டு முனைகளிலிருந்து மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால் பொறுமை வேண்டும். துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு, சில நாட்கள் ஊறவையுங்கள். இடையிடையே சுற்றுங்கள், தட்டுங்கள். ஏர் ஹேமர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓயாத அதிர்வில் எண்ணெய் சீக்கிரம் இறங்கும். நுனி மரையில் மாட்டி ஹைட்ராலிக்கில் இழுக்கும் புல்லரும் உதவும்.

ஏ.டி.எஃப் எண்ணெயையும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றுவது) அசிட்டோனையும் சரிபாதி கலந்தால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் அசிட்டோன் பெயின்டைத் தின்றுவிடும், சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். இந்தக் கலவையை விட்ட இடத்துப் பக்கம் தீ கக்கும் கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள்.

சூடு காட்டலாமா?

பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் கழற்றி எட்டத்தில் வைத்த பிறகு காட்டலாம். போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் பாகத்தைச் சூடாக்குங்கள். போல்ட் இன்ஜின் கேஸ் வழியாகப் போகிற வண்டிகளில் இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ரப்பர் புஷ் இருந்தால் அது கருகிவிடும், அந்தப் புஷ்ஷை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. ஒன்று மட்டும்: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரலாம்.

எதற்குமே மசியவில்லை. அறுத்துவிடலாமா?

நான் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டேன். ஆனால் புதிய போல்ட், ஸ்லீவ், புஷ், டஸ்ட் கேப் எல்லாம் கையில் வந்து சேராமல் பிளேடை எடுக்காதீர்கள். ஸ்விங்ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் டஸ்ட் கேப் உட்காரும் மெல்லிய சந்து இருக்கிறது. அதற்குள் ஹேக்சா பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் ஸ்லீவோடு சேர்த்து அறுங்கள். ஸ்விங்ஆர்ம் தனியாகக் கீழே இறங்கிவிடும். உள்ளே மாட்டியிருக்கும் மிச்சத்தை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளலாம். ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். வட்டு அந்தச் சந்துக்குள் முழுதாக எட்டாது, எட்டுவதற்குள் ஃபிரேமைக் கடித்துவிடும்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, இதை ஏன் நோண்ட வேண்டும்?

ஸ்லீவ் புஷ்ஷுக்குள் இறுகினால் போல்ட்டே ஃபிரேம் ஓட்டைக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். நாளடைவில் ஓட்டை முட்டை வடிவமாகும். புஷ்ஷை மாற்றுவது சின்ன வேலை. ஃபிரேம் ஓட்டையை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி கடைவது அப்படியல்ல.

திரும்ப மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய போல்ட்டையே போடுவதானால் கண்ணாடித் தட்டின் மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். தண்ணீர் தாங்கும் கிரீஸைப் போல்ட்டின் முழு நீளத்துக்கும், ஸ்லீவின் உள்ளேயும் பூசுங்கள். பலர் புஷ்ஷுக்கு மட்டும் வைத்துவிட்டு விடுவார்கள். ரப்பர் புஷ் வண்டியென்றால் ஷாக் அப்சார்பரை மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே மேனுவலில் சொன்ன டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசை அளவுக்கு, நட்டை இறுக்குங்கள். ஸ்விங்ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும்.